சுயமாக வந்தவர்

முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். எத்தனையோ பேரை எத்தனையோ மாடிக்கு ஏற்றிவிட்டிருக்கிறேன். ஆனால் லிஃப்ட் நின்றுபோனால் மெக்கானிக் படியில்தானே ஏற வேண்டும்? அதை யாரும் யோசிப்பதில்லை. இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோகும்வரை நானும் யோசிக்கவில்லை.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தேய்ந்ததை எடுத்துவிட்டு உலோகக் குண்டு ஒன்றைப் பொருத்தினார்கள். வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் சர்ஜன் வந்தார்.

"பாருங்க, ஆபரேஷன் பாதி வேலைதான். மீதிப் பாதி பயிற்சி. பன்னிரண்டு வாரம் டைம். அதுக்குள்ள இடுப்புப் பக்கத்துத் தசையை எழுப்பிடணும். விட்டுட்டீங்கன்னா ஆயுசுக்கும் நொண்டல்தான். அப்பறம் என்கிட்ட வந்து அழுதா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"ஏணி ஏறலாமா டாக்டர்?"

"பயிற்சி பண்ணினா தாராளமா ஏறலாம். ஒண்ணே ஒண்ணு. ஆபரேஷன் பண்ணின காலை இன்னொரு காலுக்குக் குறுக்கே, உள்பக்கமா மட்டும் கொண்டுபோயிடாதீங்க. குண்டு கழண்டுக்கும்."

எனக்கு அந்த ஏணிதான் முக்கியம். மோட்டார் அறை மொட்டை மாடிக்கு மேலே இருக்கும். சுவரோடு ஒட்டின இரும்பு ஏணியில்தான் போக வேண்டும். ஏணி ஏற முடியாத மெக்கானிக்கை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? மேசையில் உட்காரவைத்துத் திருகாணி துடைக்கச் சொல்லும். அதற்கு நான் செத்துப்போகலாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். பன்னிரண்டு பயிற்சி, பதினோரு படம். அது நகலுடைய நகலுடைய நகல். முதல் ஆறு படங்களை ஒருமாதிரி ஊகித்து வீட்டிலேயே செய்துவிட்டோம். ஏழாவதில் மாட்டிக்கொண்டோம். ஒரு மனிதன் ஒருக்களித்துப் படுத்திருக்கிறான். அவனிடமிருந்து ஏதோ ஒன்று எங்கேயோ போகிறது.

"என்னங்க இது, கால் வெளிய போகுதா, உள்ள வருதா?" என்றாள் என் மனைவி.

"அது கால் இல்லடி. தலையணை."

"தலையணைக்கு எதுக்குங்க விரல்?"

எட்டாவது, ஒன்பதாவது எல்லாம் ஏழாவதைச் செய்து முடித்த பிறகுதான் செய்யலாம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வெளியே என்றால் தசை எழும். உள்ளே என்றால் குண்டு கழலும். நாணயம் சுண்டிப் பார்த்துச் செய்கிற காரியமா இது? தெரிந்த ஒரு பயிற்சியாளரை வெளியில் கேட்டோம். ஆபரேஷன் செய்த இடத்திலிருந்து குறிப்பு இல்லாமல் தொடமாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அந்தக் குறிப்பு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், மறுவாழ்வுப் பயிற்சி அறையில் இருந்தது. பன்னிரண்டாவது பயிற்சி மட்டும் படம் இல்லாமல் எழுத்தில் பளிச்சென்று இருந்தது. 'மூன்று மாடிப் படிகளைச் சுயமாக ஏறுதல்.' அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

மூன்றாவது வாரம் மருத்துவமனைக்குப் போனோம். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து, கல்லு இருக்கு" என்று வழியெல்லாம் ஏலம் போட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு மானம் போயிற்று. "நீ வெளிய நில்லு, நான் என்ன குழந்தையா?" என்று கையை உதறிவிட்டு, வாக்கரைத் தள்ளிக்கொண்டு பதிவு மேசைக்கு நான் மட்டும் போனேன்.

பதிவு மேசைக்காரர் தலை நிமிரவில்லை. "யார் கூட வந்தீங்க?"

"நானேதான் வந்தேன்."

வாய்க்கொழுப்பு. வேறென்ன சொல்ல? அந்த மூன்று நொடிப் பெருமைக்காக நான் பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது. அவர் பேனாவைத் திறந்து, பதிவேட்டில் என் எண்ணுக்கு நேராக, அழகான கையெழுத்தில் 'சுயமாக வந்தவர்' என்று எழுதினார். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டார்.

"மூணாவது மாடி. போங்க."

லிஃப்டுக்கு முன்னால் ஓர் இரும்புப் பலகை நின்றது. 'பழுது. பயன்படுத்தாதீர்கள்.' பலகையைச் சுற்றி நான்கு பூந்தொட்டி, அதைச் சுற்றிக் கயிறு. செடிகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. தொட்டிகளுக்குப் பின்னால் லிஃப்ட் கதவு ஒரு சாண் திறந்து கிடந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, விசிறி ஓடியது. எனக்குக் கை அரித்தது. மோட்டார் போன லிஃப்ட் இப்படி இருக்காது. கதவு மூடாத லிஃப்ட்தான் இப்படி இருக்கும்.

திரும்பிப் போய்ச் சொன்னேன். "சார், நான் லிஃப்ட் மெக்கானிக். அது பெரிய பழுதே இல்லை. கதவுலதான் ஏதோ தடுக்குது. பத்து நிமிஷம் கொடுங்க, ஓட்டிக் காட்டறேன்."

"நீங்க நோயாளி. நோயாளி லிஃப்ட்டைத் தொடக்கூடாது."

"சரி, தொடறவங்ககிட்ட சொல்லுங்க."

"புகார் கொடுக்கணும்."

"கொடுக்கறேன். எங்க?"

"அஞ்சாவது மாடி."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். கேலி செய்கிறாரோ என்று தேடினேன். ஒரு துளி இல்லை.

"சரி சார், என்னால படி ஏற முடியாது. அதையாவது எழுதிக்குங்க."

"அதெப்படி? இதோ 'சுயமாக வந்தவர்'னு இருக்கே! நீங்களே சொன்னீங்க, நான் எழுதினேன். இங்க மூணே வகைதான். படுத்து வந்தவர், துணையோட வந்தவர், சுயமாக வந்தவர். துணையோட வந்தா பயிற்சியாளர் கீழ வருவாங்க. சுயமாக வந்தவர் மேல போகணும்."

"என் சம்சாரம் வெளிய நிக்கறா, கூப்பிடறேன்!"

"இப்ப கூப்பிட்டா? வந்தப்ப எங்க இருந்தாங்க?"

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "என் கையைப் பிடிச்சா உங்க மகுடம் கீழ விழுந்துடுமா? வேணும் உங்களுக்கு, நல்லா வேணும்." சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

பதிவைத் திருத்த மனு போட்டேன். இரண்டு வாரம் போயிற்று. நடுவில் சர்ஜனைப் பார்க்கப் போனேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "அருமை! அற்புதம்! எவ்வளவு நேரா உட்கார்ந்திருக்கு பாருங்க" என்றார். நான் உட்கார்ந்திருக்கவில்லை, சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். அவர் குண்டைச் சொன்னார். ஏழாவது படத்தைக் காட்டினேன். "இது மறுவாழ்வுத் துறையோட தாள். நான் இதுல மூக்கை நுழைச்சா அவங்க சண்டைக்கு வருவாங்க" என்று எக்ஸ்ரேயைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆறாவது வாரம் மறுவாழ்வுத் துறைக் கண்காணிப்பாளரே என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் அறை தரைத்தளத்தில்தான் இருந்தது. உள்ளே முழங்கால் உயரத்துக்குப் பஞ்சு சோபா. அவ்வளவு தாழ்வாக உட்காரக்கூடாது என்பது எனக்கு முதல் நாள் கொடுத்த எச்சரிக்கை.

"உட்காருங்க, உட்காருங்க."

"உட்காரக்கூடாதுங்க. நிக்கறேன்."

அவர் உடனே ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிற்பாடு பார்த்தேன். 'நெடுநேரம் நிற்கும் திறன் பெற்றுள்ளார்.'

"உங்க மனுவைப் படிச்சேன்" என்றார். "ரொம்ப வருத்தமா இருந்தது. ஒரு மனுஷன் தன்னால முடியும்னு ஒரு தடவை சொல்லிட்டு, அப்பறம் முடியாதுன்னு எழுதறதா? நடக்கறதுங்கறது காலுல இல்லைங்க, மனசுல இருக்கு. இந்தத் துறைக்கு நான் வந்து நாலு வருஷம். நான் வர்றதுக்கு முன்னாடி பயிற்சி அறையில மாசத்துக்கு ரெண்டு பேர் விழுவாங்க. இப்ப? நாலு வருஷமா ஒருத்தர்கூட விழல. ஒருத்தர்கூட! எப்படி சாதிச்சோம்?"

"எப்படிங்க?"

"ஒழுங்கு. யாரையும் அவசரப்பட்டு உள்ள விடறதில்லை. கருவிங்க எல்லாம் வாங்கினப்ப எப்படி இருந்ததோ அப்படியே இருக்கு, பிளாஸ்டிக் உறைகூடக் கிழியல. வேற எந்த மருத்துவமனையிலயாவது காட்டுங்க பாப்போம்! ரெண்டு விருது வாங்கியிருக்கோம்." சுவரில் இருந்த கேடயங்களைக் காட்டினார். ஒன்றில் 'விபத்தில்லாத மறுவாழ்வு' என்றிருந்தது.

"ஐயா, எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். இந்த ஏழாவது படத்துல கால் வெளிய போகுதா, உள்ள வருதா? அதை மட்டும் சொல்லிடுங்க, நான் போயிடறேன்."

அவர் தாளை வாங்கினார். தூரத்தில் பிடித்தார், பக்கத்தில் பிடித்தார், தலைகீழாகவும் பிடித்தார். "நிர்வாகத்துல இருக்கறவன் நான். பயிற்சி விஷயத்துல தலையிடமாட்டேன். அது என் கொள்கை." தாளை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "உங்க மனு மறுமதிப்பீட்டுக் குழுவுக்குப் போகும். அங்க நடந்து காட்டுங்க. விழுந்தீங்கன்னா பதிவை மாத்திடலாம். ஆனா விழுந்துடாதீங்க, நாலு வருஷ சாதனை."

"குழு எங்க உட்காருது?"

"மூணாவது மாடி" என்றார்.

ஒன்பதாவது வாரம் என் மச்சான் வந்தார். என் மனைவியின் தம்பி, மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு. "இதுக்குப் போயா மாமா இத்தனை வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டீங்க? நாற்காலியில உட்காருங்க, அப்படியே தூக்கிட்டுப் போயிடறேன்" என்றார். உயரமான மர நாற்காலியோடு போனோம். முதல் படியில் காலை வைக்கும்போதே காவலாளி ஓடி வந்தார்.

"எங்க தூக்கிட்டுப் போறீங்க? சீட்டு இருக்கா?"

"என்ன சீட்டு?"

"ஆளைத் தூக்கறதுக்குச் சீட்டு வேணும். இங்க ஒரே ஒரு சீட்டுதான் கொடுப்பாங்க, பிணவறைக்கு. அதுவும் கீழ்த்தளம். மேல தூக்கிட்டுப் போறதுக்கு வழியே இல்ல."

மச்சானுக்கு முகம் சிவந்தது. "உயிரோட இருக்கற மனுஷன்யா!"

"அதான் சொல்றேன். உயிரோட இருந்தா நடந்து போகட்டும்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் வாக்கர் இல்லாமல் இரண்டு அடி வைத்துப் பார்த்தேன். இடது காலை ஊன்றும்போதெல்லாம் வலது இடுப்பு பொத்தென்று கீழே இறங்கியது. ஒரு பக்கக் கயிறு தொய்ந்த லிஃப்ட் கூண்டு இப்படித்தான் சரியும். என் மனைவி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாக்கரை எடுத்து வந்து என் கைக்கு எட்டும்படி வைத்தாள்.

பதினோராவது வாரம் நான் ஏறினேன். மாடிக்கு இருபத்திரண்டு படி, மூன்று மாடிக்கு அறுபத்தாறு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். அதை மட்டும் வார்டில் ஒரு நர்ஸ் சொல்லித் தந்திருந்தாள், அவள் நன்றாக இருக்கட்டும். வாக்கரைக் கீழேயே விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள், நான் விழுந்தால் பிடித்துவிடுவாளாம். முப்பதாவது படியில் உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது. ஐம்பதாவது படியில் அழுதேன். சொல்வதற்கென்ன வெட்கம்? வலித்தது, அழுதேன். ஒரு மணி நேரம் ஆயிற்று.

பயிற்சி அறைக் கதவைத் தள்ளினேன். பெரிய அறை. நடைப் பயிற்சிக் கம்பிகள், சைக்கிள், கட்டில்கள், எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று இருந்தன. கம்பிகளில் ஆண்டு விழாத் துணிப் பதாகை ஒன்றைக் காயப்போட்டிருந்தார்கள். மூலையில் ஓர் அம்மாள் வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்து ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"படியிலயா வந்தீங்க?"

"ஆமாம்மா. மூணாவது வாரமே வந்திருக்கணும். எப்படியோ வந்து சேர்ந்துட்டேன். ஏழாவது பயிற்சியிலிருந்து சொல்லிக் கொடுங்க."

அவர் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. என் தாளை வாங்கி, பன்னிரண்டாவது வரியில் விரலை வைத்தார். 'மூன்று மாடிப் படிகளைச் சுயமாக ஏறுதல்.'

"இதுதாங்க கடைசிப் பயிற்சி. இதை முடிச்சவங்களுக்கு வேற பயிற்சி கொடுக்கக்கூடாது. பூரண குணம்னு எழுதி மூடிடணும். விதி அப்படி."

"அம்மா, நான் இன்னும் ஏழாவதே பண்ணல."

"தெரியுதுங்க. நீங்க கதவுலேர்ந்து இங்க வர்றதுக்குள்ளயே தெரிஞ்சுபோச்சு. இந்த இடுப்பு சரியறது இருக்கே…" அவர் குரல் தாழ்ந்தது. "முன்னாடியே வந்திருந்தீங்கன்னா நேரா நடக்க வெச்சு அனுப்பியிருப்பேன். லிஃப்ட் நின்னதுலேர்ந்து இங்க ஒருத்தரும் வர்றதில்லை. வர்றவங்க ஏறி வந்துடறாங்க. ஏறி வந்தவங்களை நான் தொடக்கூடாது. ஒரு வருஷமா நான் யார் காலையும் தொட்டதில்லைங்க."

கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு கட்டிலின் பிளாஸ்டிக் உறைமேலேயே ஏறி ஒருக்களித்துப் படுத்தார். "உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தா என் வேலை போயிடும். எனக்கு இடுப்பு வலி, நான் பண்ணிக்கறேன். நீங்க சும்மா பாத்துக்கிட்டிருங்க." நல்ல பக்கம் கீழே இருக்க, மேல் காலை நேராக நீட்டி, மெல்ல உயர்த்தினார். வெளியே. "வெளியதாங்க" என்றார். "எப்பவும் வெளியதான்."

ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்காகப் பதினோரு வாரம். என் மனைவி வாயில் துணியை அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் கண்காணிப்பாளர் போட்டோகிராபரோடு உள்ளே வந்தார். அவர் எப்படி ஏறி வந்தாரோ, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் ஏறுவதைக் காவலாளி போய்ச் சொல்லியிருக்கிறார். "பாத்தீங்களா? மனசுல இருக்குன்னு நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா! நம்ம துறையோட இந்த வருஷ வெற்றி இவர்தான். அந்தக் கம்பியைப் பிடிக்காம நில்லுங்க சார், சிரிங்க." நான் கையை விட்டேன். சிரித்தேனா என்று தெரியவில்லை. பயிற்சியாளர் அம்மாள் என் கோப்பில் 'பூரண குணம்' என்ற முத்திரையைக் குத்தினார், என்னை நிமிர்ந்து பார்க்காமல்.

"இறங்கறதுக்கு யாராவது உதவி பண்ணுவாங்களா?" என்றாள் என் மனைவி.

"இறங்கறது எங்க திட்டத்துல இல்லம்மா" என்றார் கண்காணிப்பாளர்.

அதற்குப் பிறகு தினமும் ஏழாவது பயிற்சியைச் செய்தேன். இன்றைக்கும் செய்கிறேன். தசை கொஞ்சம் எழுந்தது, முழுக்க எழவில்லை. சர்ஜன் சொன்ன கெடு பொய்யில்லை. கம்பெனியில் 'பூரண குணம்' சான்றிதழைக் காட்டினேன். ஃபோர்மேன் அதைப் படித்தார், நான் நடந்து வந்ததையும் பார்த்தார். "சான்றிதழ் ஏணி ஏறாதுண்ணே" என்றார் மெதுவாக. இப்போது மேசையில் உட்கார்ந்து திருகாணி துடைக்கிறேன். செத்துப்போகவில்லை.

போன மாதம் அந்த மருத்துவமனையிலிருந்து அவசரப் புகார் வந்தது. ஆண்டு விழாவுக்குத் தலைமை இயக்குநர் வருகிறார், மூன்றாம் மாடிப் பயிற்சி அறையைப் பார்வையிடுகிறார், அவர் படி ஏறமாட்டார். ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். "கதவுதான்னு சொன்னீங்களேண்ணே. கீழ்த்தள வேலைன்னா நீங்களே போய்ட்டு வாங்க."

போனேன். காவலாளி கயிற்றை அவிழ்த்துவிட்டார். பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். 'பழுது' என்ற பலகையின் பின்கால், கதவு ஓடுகிற பள்ளத்துக்குள் வசமாக இறங்கி உட்கார்ந்திருந்தது. கதவு அதில் இடித்துத் திறந்தது, இடித்துத் திறந்தது, ஒரு வருடத்துக்கும் மேலாக. முதலில் ஏதோ அரைநாள் பழுதுக்கு வைத்த பலகை. அதை வைத்ததால் கதவு மூடவில்லை. கதவு மூடாததால் அதை எடுக்கவில்லை. பலகையைத் தூக்கித் தள்ளி வைத்தேன். கதவு மூடிக்கொண்டது. வேலை அட்டையில் 'பழுதுக்குக் காரணம்' என்ற கட்டத்தில் 'பழுது என்ற பலகை' என்று எழுதினேன்.

லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் என் படம் மாட்டியிருந்தது. ஆளுயரத்தில், நேராக நிற்கிறேன். கீழே 'சுயமாக வந்தவர்' என்று பொன் எழுத்து. கண்காணிப்பாளர் பதறிக்கொண்டு அறையிலிருந்து வந்தார். லிஃப்டைப் பார்க்கவில்லை, என் நடையைத்தான் பார்த்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் படத்துக்கு முன்னாடி மட்டும் கொஞ்சம் நொண்டாம நடங்களேன். நோயாளிங்க பாக்கறாங்க இல்ல?"

அதற்குள் பதிவு மேசையிலிருந்து அந்தப் பழைய குரல் கேட்டது.

"யார் கூட வந்தீங்க?"

புது வாக்கரோடு ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவராக இருக்கலாம். முதுகை நிமிர்த்தி, தாடையைத் தூக்கி, பதில் சொல்ல வாயைத் திறந்தார். எனக்கா அந்த முகம் தெரியாது?

"அம்மா, சொல்லாதீங்க!" என்று கத்திவிட்டேன். படத்துக்கு முன்னாலேயே தாங்கித் தாங்கி ஓடினேன். நொண்டியால் ஓட முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "என் கூட வந்தாங்க. துணையோட வந்தவர். எழுதுங்க சார். சிவப்புல அடிக்கோடும் போடுங்க."

அவர் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

"பயிற்சியாளரைக் கீழ வரச் சொல்லணும். ஆனா சொல்றதுக்கு ஆள் மேல போகணும்" என்றார்.

"வேணாம். நாங்களே போய்க்கறோம்."

அந்த அம்மாளை லிஃப்டில் ஏற்றி நானும் ஏறிக்கொண்டேன். மூன்றை அழுத்தினேன். கதவு மூடியது. ஒரு வருடத்துக்கும் மேல் சும்மா நின்ற கூண்டு ஒரு சின்ன நடுக்கத்தோடு கிளம்பியது. அவர் என் இடுப்பையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"உங்களுக்கும் இதே ஆபரேஷன்தானாண்ணே? கால் இப்ப எப்படியிருக்கு?"

"பூரண குணம்மா" என்றேன்.